ஹிமாலயன் 411-க்குப் பட்டறையில் க்ராஷ் கார்டு அடிப்பது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறீர்கள், அடுத்த வருடம் லடாக் போகும் எண்ணம், வண்டி விழுந்தால் இன்ஜினைக் காக்கும் இரும்புப் பைப் வளையமான க்ராஷ் கார்டைக் கடையில் வாங்க மனமில்லை. நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே அடித்து மாட்டலாமா, மாட்டினால் எவ்வளவு கெட்டியான பைப் போட வேண்டும்?

தாராளமாக அடிக்கலாம். என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். அதற்கு இரண்டு முறை கார்டு அடித்திருக்கிறேன். இரண்டாவது கார்டு ஐந்து வருடமாக வண்டியில் இருக்கிறது. முதல் கார்டை நான் கெட்டியைப் பார்த்துத்தான் அடித்தேன், அதனால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர் பைப்பில் அதை அடித்தோம். தண்ணீர் பைப்பில் 'ஒரு இன்ச்' என்பது உள் அளவை வைத்துச் சொல்வது; வெளிவிட்டம் 33 மி.மீ.க்கு மேல் வரும், பி கிளாஸ் எனும் நடுத்தர ரகம் என்றால் சுவர் 3 மி.மீ.க்கு மேல். கையில் தூக்கிப் பார்த்தாலே நம்பிக்கை வரும் கனம். இன்ஜினை முன்னால் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டில் இரண்டு பக்கத்தையும் மாட்டினேன், கீழே எங்கும் பிடிப்பு கிடையாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டல்லவா, அதில் ஒன்றில் முதல் கியரில் ஏறும்போது வண்டி திணறி நின்று இடது பக்கம் சாய்ந்துவிட்டது. வேகம் என்று சொல்ல எதுவுமே இல்லை. தூக்கி நிறுத்திப் பார்த்தேன். கார்டில் பெயின்ட் மட்டும் போயிருந்தது, ஒரு நூல் அளவுகூட வளையவில்லை. ரொம்ப சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டு. துடைத்துவிட்டுத் தேடினால், அந்த போல்ட் நுழையும் அலுமினியக் காதிலிருந்து கிரான்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) வரைக்கும் முடி போல ஒரு விரிசல். இன்ஜினைக் கீழே இறக்கி, முழுதாகப் பிரித்து, அலுமினியத்தை ஒட்டும் டிக் வெல்டிங் வைத்து, மறுபடி பூட்ட வேண்டியதாயிற்று. கார்டே இல்லாமல் விழுந்திருந்தால் கிளட்ச் லீவரும் இன்டிகேட்டரும் உடைந்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும்.

ஏன் அப்படி ஆனது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பி.எஸ்.6 (புதிய புகை விதிக்கு வந்த) ஹிமாலயன் 199 கிலோ. பைகள், டூல்ஸ் எல்லாம் சேர்த்து 240 என்று வைப்போம். வண்டி நின்ற நிலையிலிருந்து சாயும்போது அதன் எடையின் நடுப்புள்ளி சுமாராக 25 செ.மீ. கீழே இறங்குகிறது. 240-ஐ 9.8-ஆல் பெருக்கி, 0.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 590 ஜூல். இந்தச் சக்தி எங்காவது செலவாகியே தீர வேண்டும். முழுதும் கார்டில் விழுகிறது என்றும், கார்டு 6 செ.மீ. வளைந்து கொடுக்கிறது என்றும் வைத்தால் சராசரி விசை ஏறக்குறைய 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன் எடை. 2 செ.மீ. மட்டும் வளைந்தால் மூன்று டன். வளையவே மாட்டேன் என்று நின்றால்? அந்த மூன்று டன்னும் அதற்கு மேலும் போல்ட்டைப் பிடித்திருக்கும் இடத்துக்குப் போகிறது. கார்டின் வெளி முனை போல்ட்டிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது, கடப்பாரையால் நெம்புகிற மாதிரி. என் முதல் கார்டு செய்தது சரியாக அந்தக் கடப்பாரை வேலைதான். (நிஜத்தில் ஹேண்டில் முனையும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.)

ஆகவே கார்டு அடிக்க உட்காரும்போது எது முதலில் கெட வேண்டும் என்ற வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் பைப் வளைய வேண்டும். அதற்கும் மேல் போனால் பைப்பை வண்டியோடு பிடிக்கும் பிளேட் வளையட்டும், பிறகு போல்ட். ஃபிரேமும் கிரான்க் கேஸும் கடைசி வரை கெடவே கூடாது. பைப்பின் கனம், போல்ட், பிடிக்கும் இடம் எல்லாம் இந்த வரிசைக்கு அடங்கித்தான் வர வேண்டும்.

பைப்புக்கு என் பதில்: வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 2 மி.மீ., கறுப்பு எம்.எஸ். (சாதாரண மைல்டு ஸ்டீல்) பைப். இரும்புக் கடையில் '1 இன்ச், 14 கேஜ், ரவுண்ட் பைப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது கேட், ஜன்னல் அடிக்கும் ட்யூப் வகை, இதில் ஒரு இன்ச் என்பது வெளி அளவு. தண்ணீர் பைப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு மீட்டர் 1.15 கிலோ வரும். சுவரை 3 மி.மீ. ஆக்கினால் எடை 44 சதவீதம் ஏறும், வளைவைத் தாங்கும் திறன் 33 சதவீதம்தான் ஏறும். 16 கேஜ் இதைவிட மெல்லிய சுவர்; இந்த எடை வண்டிக்குப் போதாது, வளைக்கும்போதே உள்பக்கம் சுருங்கி மடியும். சிலர் பைப்பே வேண்டாம், கெட்டிக் கம்பி போடு என்பார்கள். 2 மி.மீ. பைப்பின் அதே எடைக்கு வரும் கம்பி 13.7 மி.மீ. கனம்தான், அது தாங்குவது பைப் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பளபளப்பு உங்களுக்குப் பிடிக்கலாம். ஆனால் அதை ஒழுங்காக வெல்டிங் வைக்க டிக் மெஷினும் பழகிய கையும் வேண்டும். நடுவழியில் விரிசல் விட்டால் லே போகும் வழியில் அதை ஒட்டித் தரும் பட்டறை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ். என்றால் லாரி பட்டறை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜி.ஐ. பைப்பை மட்டும் தொடாதீர்கள். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு 900 டிகிரி சொச்சத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும்; வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி வெல்டருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். என் முதல் கார்டை அடித்த அண்ணனுக்கு அது வந்தது. இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. போதாததற்கு அந்த ஆவி வெல்டிங்குக்குள்ளேயே சிக்கி நுண்ணிய ஓட்டைகளை உண்டாக்கும்.

இனி பிடிக்கும் இடம். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஃபிரேமில் வெல்டிங் வைப்பது என்ற பேச்சே கூடாது. வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்து இரும்பின் தன்மை மாறிவிடும். பல வருட அதிர்வில் விரிசல் அங்கேதான் பிறக்கும். ஏற்கெனவே இருக்கும் போல்ட்களைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு இடத்தில் பிடிப்பு வேண்டும்: ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நெம்புவிசை குறையும். அதோடு இடது கார்டையும் வலது கார்டையும் இன்ஜினுக்கு முன்னால் ஒரு குறுக்குப் பைப்பால் இணையுங்கள். இடது பக்கம் விழுந்தால் விசையில் ஒரு பங்கு அந்தப் பைப் வழியாக வலது பக்க ஃபிரேமுக்குப் போய்ச் சேரும். என் இரண்டாவது கார்டில் நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது இந்த ஒன்றரை அடிப் பைப்தான்.

போல்ட் இல்லாத இடத்தில் ஃபிரேம் குழாயைச் சுற்றி கிளாம்ப் போட வேண்டி வந்தால், சைலன்சருக்குப் போடும் யூ கிளாம்ப் வேண்டாம். இறுக்க இறுக்க அது குழாயைக் கடித்துப் பள்ளம் போடும். லேத்தில் கொடுத்து 40 மி.மீ. அகலத்தில், இரண்டாகப் பிளந்த கட்டையாகக் கடைந்து வாங்குங்கள், உள்பக்கம் மெல்லிய ரப்பர் ஷீட் வையுங்கள். சிலிண்டர் ஹெட்டிலோ டேங்க் போல்ட்டிலோ கார்டைச் சேர்த்துப் பிடிக்காதீர்கள்.

இன்ஜின் மவுன்ட் போல்ட்டில் பிடிக்கும்போது எல்லோரும் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. 6 மி.மீ. பிளேட்டை உள்ளே கொடுத்தால் பழைய போல்ட்டின் மரை 6 மி.மீ. குறைவாகத்தான் பிடிக்கும். அதே விட்டம், அதே மரைப் பிட்ச், 6 மி.மீ. கூடுதல் நீளம் கொண்ட போல்ட் வாங்க வேண்டும். தலையில் 8.8 என்ற பலத்தின் எண் பொறித்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்தது வேண்டாம். சாதாரண எஸ்.எஸ். போல்ட் பார்க்க அழகு, ஆனால் 8.8 அளவுக்கு இழுவை தாங்காது. மாற்றும்போது இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் இன்ஜின் கொஞ்சம் இறங்கிவிடும், பிறகு ஓட்டை நேருக்கு வராது, சுத்தியலைத் தேட வேண்டி வரும்.

வடிவத்துக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் போடும் 25 மி.மீ. பி.வி.சி. பைப் வாங்குங்கள். நம் இரும்புப் பைப்பும் கிட்டத்தட்ட அதே பருமன். உள்ளே ஸ்பிரிங் விட்டுக் கையாலேயே வளைத்து, வண்டியில் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அதன் மேல் காலை வையுங்கள், கியர் போடுங்கள், பிரேக் மிதியுங்கள். ஷூவின் முனை இடிக்கிறதா? ஆயில் டிரெய்ன் போல்ட்டைக் கழற்ற ஸ்பானர் போகிறதா? ஆயில் ஃபில்டர் மூடி, டாப்பெட் பார்க்கும் மூடி, ஸ்பார்க் பிளக்? ஆயில் கூலருக்குக் காற்று வருகிறதா? சைலன்சர் பென்ட் பைப்பிலிருந்து இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா? இதையெல்லாம் பி.வி.சி.யில் பார்த்துத் திருத்தினால் ஒரு பி.வி.சி. பைப்தான் நஷ்டம், இரும்பில் பார்த்தால் ஒரு நாள் வேலை நஷ்டம்.

முன் சக்கரத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஹிமாலயனின் முன் ஃபோர்க் 200 மி.மீ. அமுங்கும், சக்கரம் 21 இன்ச். வண்டி சும்மா நிற்கும்போது குறுக்குப் பைப்புக்கும் டயருக்கும் நடுவே தாராளமாக இடம் தெரியும். பெரிய பள்ளத்தில் இறங்கி ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் மேலேயும் பின்னேயும் வரும். அந்த நேரத்தில் டயர் கார்டில் முட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; அதற்குப் பிறகு நடப்பதை எந்தக் கார்டும் காப்பாற்றாது. லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் ஹேண்டிலை இழுத்து ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். கடைசி வரை அமுங்காவிட்டால், மீதி எத்தனை மி.மீ. என்று அளந்து அதையும் கணக்கில் சேருங்கள். அப்போதும் ஓர் அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும், சேறு ஒட்டும் இடம் அது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள்.

இன்னொன்று, வளைவில் சாயும் கோணம். ஒரு நீளமான நேர்க்குச்சியை எடுத்து ஒரு முனையை டயர் தரையைத் தொடும் இடத்தில் வைத்து, மறுமுனையை ஃபுட்ரெஸ்ட் நுனியில் சாயுங்கள். அந்தக் குச்சியின் கோட்டுக்கு வெளியே, அதாவது கீழே, கார்டின் எந்தப் பாகமும் வரக்கூடாது. ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசினால் மடங்கி உங்களை எச்சரிக்கும். கார்டு மடங்காது. வால்பாறை மலைப்பாதையில் சாய்ந்து திரும்பும்போது கார்டு முதலில் தரையைத் தொட்டால், அது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். வெளிப்பக்கம் எவ்வளவு நீட்டலாம் என்றால், இன்ஜின் கவரைவிட 6 முதல் 8 செ.மீ. வெளியே வந்தால் போதும். ஹேண்டில் முனையைத் தாண்டவே கூடாது. முனைகள் திறந்தபடி நீட்டிக்கொண்டிருக்காமல், சுற்றி வந்து மூடிய வளையமாக இருக்கட்டும். நீட்டிய முனை வேலிக் கம்பியிலோ அடுத்த வண்டியிலோ மாட்டி இழுக்கும்.

வளைக்கும் வேலையை ஹைட்ராலிக் பைப் பென்டர் இருக்கும் இடத்தில் கொடுங்கள். கிரில், கைப்பிடி அடிக்கும் பட்டறைகளில் இருக்கும். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பைப்புக்கு அது 75 மி.மீ.க்கு மேல். பென்டர் கிடைக்காமல் மணல் நிரப்பி, சூடு காட்டி வளைப்பதானால் மணலை முதலில் வறுத்து ஈரம் போக்கிவிடுங்கள். ஈர மணலைச் சூடாக்கினால் நீராவி சேர்ந்து முனையில் அடித்த மரக்கட்டையை வெடிபோல வெளியே தள்ளும், எதிரே யாரும் நிற்க முடியாது.

வெல்டிங்கில் வரிசை இப்படி: முதலில் பிளேட்களை வண்டியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பைப்பை அதில் பொருத்தி, நகராமல் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்கான டேக் மட்டும் வையுங்கள். அந்த டேக் வைக்கும்போதே பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றியிருக்க வேண்டும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வின் கனெக்டரையும் பிடுங்கிவிடுவது நல்லது. எர்த் கிளாம்பை வண்டியின் ஃபிரேமில் போடாமல் கார்டின் பைப்பிலேயே, டேக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிடுங்கள். டேக் முடிந்ததும் கார்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோய் முழு வெல்டிங் வையுங்கள். கனமான ஆங்கிளில் பிளேட்களை அதே இடைவெளியில் போல்ட் போட்டு வைத்துக்கொண்டு செய்வது உத்தமம். வெல்டிங் ஆறும்போது இழுத்து அளவை மாற்றிவிடும். ஒரே மூட்டைச் சுற்றி முடிக்காமல், இங்கே கொஞ்சம் எதிரே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். சி.ஓ.2 வெல்டிங் நன்றாக வரும். ஆர்க் என்றால் 2.5 மி.மீ. ராடு போதும். அழகுக்காக வெல்டிங்கை கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சமமாக்காதீர்கள், பலம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பைப் முழுக்க அடைபட்டால் கடைசி வெல்டிங்கில் உள்காற்று சூடாகி வெளியே பீறிட்டு ஓட்டை போடும். அதனால் கீழ்ப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், முன்கூட்டியே 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே தங்கி உள்ளிருந்து துரு பிடிப்பதையும் அது தடுக்கும்.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டும் விரலாலேயே நாலு சுற்று போக வேண்டும். ஒரு ஓட்டை இரண்டு மி.மீ. விலகியிருந்தால் கார்டை நெம்பிப் பிடித்து போல்ட் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்தால் கார்டு எந்நேரமும் ஃபிரேமை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வும் சேர்ந்து சில ஆயிரம் கி.மீ.யில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். ஓட்டையை ரவுண்ட் ஃபைலால் நீட்டி, கனமான வாஷர் போடுங்கள். இன்ஜின் மவுன்ட் போல்ட்டுக்கு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவையே வையுங்கள், 'நல்லா இறுக்கினேன்' என்பது அளவு ஆகாது.

பெயின்ட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பவுடர் கோட்டிங் அழகு, ஆனால் விழுந்து கீறினால் அதற்கடியில் துரு ஓடும். ரெட் ஆக்சைடு அடித்து மேலே கறுப்பு பெயின்ட் என்றால் நீங்களே தொட்டுக்கொள்ளலாம். தரையில் படும் இடத்தில் லேத்தில் கடைந்த நைலான் உருளை ஒன்றை போல்ட் போட்டு வையுங்கள்; தார் ரோட்டில் இரும்பு கல்லில் மாட்டிச் சுண்டும், நைலான் வழுக்கிக்கொண்டு போகும்.

முடிந்ததும் வண்டியை வேண்டுமென்றே சாய்த்துப் பாருங்கள். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, தரையில் பழைய மெத்தையும் அதன் மேல் பிளைவுட்டும் போட்டு, இரண்டு பேர் பிடித்து மெதுவாகப் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும். பலகையைத் தொட வேண்டியவை கார்டு, ஹேண்டில் முனை, டயர், ஃபுட்ரெஸ்ட், பை இருந்தால் பை. இன்ஜின் கவருக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். ஏனென்றால் கார்டு வளையப்போகிறது, வளைந்த பிறகும் கவர் தப்ப வேண்டும்.

கால் தப்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் கேட்பார்கள். கார்டு மாட்டினால் கால் பத்திரம் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கார்டு இருந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் குறைந்தது, அதற்கு ஈடாகத் தொடையிலும் முழங்காலிலும் கெண்டைக்காலிலும் காயம் கூடியது. மெதுவாக விழும்போது கால் வண்டிக்கடியில் நசுங்காமல் ஒரு சந்து கிடைக்கும், அது உண்மை. வேகத்தில் மோதினால் கார்டால் காலுக்கு நன்மை இல்லை. அதற்கு நல்ல பூட்ஸும் முழங்காலில் கட்டும் கார்டும்தான் வாங்க வேண்டும். கார்டு அடித்து மிச்சம் பிடிக்கும் காசை அதில் போடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் க்ராஷ் கார்டு, புல் பார் (காரின் முன்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அன்று பேச்சு பெரும்பாலும் கார்களைப் பற்றியே இருந்தது. பைக் கார்டுகள் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. ஆனாலும் வழியில் ஓர் அதிகாரி கேட்டால் ஸ்பானர் போட்டுக் கழற்றக்கூடியதாக, கூர்முனை இல்லாததாக, நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைக்காததாக இருந்தால் உங்கள் பக்கம் பேச ஏதாவது இருக்கும்.

மாட்டியபின் முதல் 500 கி.மீ.யில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள், பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும். வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். கார்டில் ஐந்து லிட்டர் கேன் கட்டித் தொங்கவிடும் பழக்கம் லடாக் போகிறவர்களிடம் உண்டு, வேண்டாம். அந்த எடை ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்துக் குதித்து வெல்டிங்கைப் பிய்க்கும்.

என் இரண்டாவது கார்டு இதுவரை மூன்று முறை தரையைப் பார்த்துவிட்டது. மூன்றாவது முறை வலது பக்கம் நான்கு செ.மீ. உள்ளே வளைந்துவிட்டது. கழற்றி, பட்டறையில் சூடு காட்டி நிமிர்த்தினால் முன்னால் இருந்த பலம் இருக்காது என்பதால் அந்தப் பக்கத்துக்குப் புதிதாக ஒரு பைப் வளைத்து மாற்றினேன். இன்ஜின் கவரில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பி.வி.சி. மாதிரியை நான் இன்னும் பரணில் வைத்திருக்கிறேன், அதனால் புதுப் பைப் அன்று மாலையே தயாராகிவிட்டது. நீங்களும் உங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.